புட்டிப்பாலும் குழந்தைக் கரப்பானும்

அங்கத்தினர் கல்விப் பகுதி

பச்சிளங் குழந்தையின் கன்னங்கள் சிவந்து தடித்து, நீர் கசிந்து, செதில் உதிரத் தொடங்கினால் வீட்டிலுள்ளோர் அனைவரும் கலக்கமுறுகின்றனர். குழந்தை அரிப்புத் தாங்காமல் இரவெல்லாம் அழுகிறது. தாய்க்கும் உறக்கமில்லை. நம் முன்னோர் இந்நோயைக் கரப்பான் என்று வழங்கினர். இக்கால மருத்துவர் எக்ஸிமா என்றும், ஒவ்வாமைத் தோலழற்சி என்றும் கூறுவர். இந்நோய் கண்டவுடன் உற்றார் உறவினர் கேட்கும் முதற் கேள்வி, "குழந்தைக்கு என்ன பால் கொடுக்கிறாய்?" என்பதே. புட்டிப்பால் கொடுக்கும் தாயாயின், பழி முழுவதும் பால் மாவு டப்பாவின்மீதும் அவள்மீதும் விழுகிறது. தாய்ப்பால் கொடுப்பவளாயின், அவள் உண்ட கத்தரிக்காயின்மீது விழுகிறது.

இந்தக் கேள்விக்குத் தவறான விடை கொள்வதனால் இரு தீமைகள் விளைகின்றன. முதலாவது, பாலை நிறுத்திப் பார்க்கலாம் என்று எண்ணி, வளரும் குழந்தைக்கு வேண்டிய உணவைக் குறைத்துவிடுவது. இரண்டாவது, டப்பாமேல் டப்பாவாக மாற்றி, ஒன்றைவிட ஒன்று விலை உயர்ந்த பால் மாவை வாங்கிக் குடும்பம் கடன்படுவது. இவ்விரண்டினாலும் பெரும்பாலான குழந்தைகளின் தோல் நலமடைவதில்லை. ஆதலின், பாலுக்கும் கரப்பானுக்கும் உள்ள உறவு எத்தகையது, எவ்வளவினது என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நலம்.

கரப்பான் என்பது யாது?

இது தொற்று நோயன்று. ஒரு குழந்தையைத் தொடுவதால் மற்றொரு குழந்தைக்கு வராது. பெரும்பாலும் பிறந்து மூன்று மாதத்திற்கும் ஆறு மாதத்திற்கும் இடையில் முதலில் கன்னங்களிலும் தலையிலும் தோன்றும். குழந்தை வளர வளர, முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் நிலைகொள்ளும். சில நாள் தணிந்திருக்கும். பின்னர் மீண்டும் கிளம்பும். பெற்றோருக்கு ஆஸ்துமா, ஓயாத் தும்மல், கரப்பான் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால், பிள்ளைக்கு இது வரும் வாய்ப்பு மிகுதி.

இங்கே ஒரு குறிப்பை மனத்திற் கொள்ள வேண்டும். பல வீடுகளில் தாய்ப்பாலோடு புட்டிப்பாலும் சேரத் தொடங்குவது, தாய் மீண்டும் தறிக்கோ வயலுக்கோ செல்லும் மூன்றாம், நான்காம் மாதத்திலேதான். கரப்பான் தானாகவே தோன்றும் பருவமும் அதுவே. இரண்டும் ஒரே காலத்தில் நேர்வதால், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எண்ணுவது மனித இயல்பு. ஆயினும், அடுத்தடுத்து நிகழ்ந்தன என்பது மட்டுமே காரணத்துக்குச் சான்றாகாது. எண்ணிக் கணக்கிட்டுப் பார்த்தே துணிய வேண்டும்.

பால் மாவு பிறந்த வரலாறு

தாயை இழந்த குழந்தைகளையும், தாய்ப்பால் கிட்டாத குழந்தைகளையும் காப்பது எங்ஙனம் என்பது எல்லா நாடுகளிலும் பழைய கவலையாகும். ஜெர்மானிய ரசாயன அறிஞர் யூஸ்டுஸ் ஃபான் லீபிக் என்பார் 1860-களின் நடுவில், பசும்பால், கோதுமை மாவு, முளைகட்டிய வாற்கோதுமை மாவு ஆகியவற்றுடன் சிறிது பொட்டாசியம் உப்பும் சேர்த்துக் குழந்தை உணவு ஒன்றை அமைத்தார். 1867-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தின் வெவே நகரில் ஹென்ரி நெஸ்லே என்பவர் பாலும் மாவும் கலந்த குழந்தை உணவை விற்பனைக்குக் கொணர்ந்தார். அன்று முதல் இத்தொழில் பெருகி, இன்று உலகெங்கும் பரவியுள்ளது.

இவற்றின் அடிப்படைப் பொருள் பெரும்பாலும் பசும்பாலே. தாய்ப்பாலில் நூறு மில்லிலிட்டருக்குப் புரதம் ஏறத்தாழ ஒரு கிராம்; பசும்பாலில் அதைப்போல் மும்மடங்கு; எருமைப்பாலில் அதனினும் மிகுதி. அளவில் மட்டுமன்றித் தன்மையிலும் வேறுபாடுண்டு. பசும்பாலில் பீட்டா-லாக்டோகுளோபுலின் என்னும் புரதம் ஒன்றுள்ளது. பெண்களின் உடல் தனது பாலில் இதனை உற்பத்தி செய்வதே இல்லை. கன்றுக்கு அமைந்த இத்தகைய புரதங்களைச் சில குழந்தைகளின் உடல் அந்நியப் பொருளாகக் கொண்டு எதிர்க்கிறது. இதுவே பால் ஒவ்வாமை எனப்படும். ஆனால் கரப்பான் உள்ள குழந்தைகள் அனைவருக்கும் பால் ஒவ்வாமை உண்டு என்று கொள்வது பிழை. கரப்பான் பலருக்கு வருவது. பால் ஒவ்வாமையோ சிலருக்கே உள்ளது.

சிகாகோ நகரின் கணக்கு

பாலையும் கரப்பானையும் இணைத்துப் பெருங் கணக்கு எடுத்தவர்கள் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து மருத்துவர்களான குரூலி, ஸான்ஃபோர்டு என்போர். அந்நகரில் குழந்தைகள் நலச் சங்கம் நடத்திய நிலையங்களுக்கு வந்த 20,061 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்து, 1936-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். தாய்ப்பால் மட்டுமே உண்ட குழந்தைகளைக் காட்டிலும், பசும்பால் உண்ட குழந்தைகளிடம் கரப்பான் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது என்பது அவர்கள் கூற்று.

இது மருத்துவ உலகைக் கவர்ந்ததில் வியப்பில்லை. எனினும் இக்கணக்கில் ஒரு குறையுண்டு. எந்தத் தாய் எந்தப் பாலைக் கொடுத்தாள் என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது. வறுமை, நோய், வேலை, பரம்பரை முதலியன அதனுள் கலந்து நிற்கின்றன. வண்டல் நிலத்தில் ஒரு விதையையும் களர் நிலத்தில் மற்றொரு விதையையும் ஊன்றிவிட்டு, விளைச்சலைக் கொண்டு விதையை மதிப்பிட இயலுமா? இயலாது. அதுபோன்றதே இதுவும். மேலும், ஒவ்வாமைப் பரம்பரையுள்ள தாய்மார் அச்சங்கொண்டு நீண்ட நாள் தாய்ப்பால் கொடுப்பர். அவர்கள் குழந்தைகளுக்கோ இயல்பிலேயே கரப்பான் வாய்ப்பு மிகுதி. அப்போது கணக்கு எதிர்த் திசையில் சாயும். இக்காரணங்களால் பின்வந்த ஆராய்ச்சிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்ட முடிவுகளைத் தந்தன.

பெலாரஸ் நாட்டில் நடந்த சோதனை

இந்தச் சிக்கலைத் தீர்க்கச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதே உற்ற வழி. ஆனால் இன்ன தாய் பால் கொடுக்க வேண்டும், இன்ன தாய் கொடுக்கலாகாது என்று குலுக்கிப் போடுவது அறமன்று. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கிரேமர் என்னும் மருத்துவரும் அவருடன் உழைத்தோரும் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். பெலாரஸ் நாட்டின் 31 பிரசவ ஆஸ்பத்திரிகளையும் அவற்றைச் சேர்ந்த சிகிச்சை நிலையங்களையும் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவில், தாய்ப்பால் கொடுக்கும் முறையைத் தாய்மாருக்குக் கற்பிக்கவும் துணைநிற்கவும் ஊழியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. மற்றொன்றில் வழக்கமான பணியே தொடர்ந்தது. 1996-97-ஆம் ஆண்டுகளில் 17,046 குழந்தைகள் இச்சோதனையில் சேர்க்கப்பெற்றன. அனைவரும் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கிய தாய்மாரின் குழந்தைகளே. ஆகவே, இது தாய்ப்பாலை நீண்ட நாள் கொடுப்பதற்கும் விரைவில் குறைத்துவிடுவதற்கும் இடையே செய்த ஒப்பீடு என்று கொள்ள வேண்டும்.

மூன்றாம் மாதத்தில், பயிற்சி பெற்ற பிரிவில் நூற்றுக்கு 43 குழந்தைகள் தாய்ப்பால் மட்டுமே உண்டன. மற்றப் பிரிவில் நூற்றுக்கு 6 மட்டுமே. ஓராண்டு முடிவில் கரப்பான் கண்ட குழந்தைகள், பயிற்சிப் பிரிவில் நூற்றுக்கு 3.3, மற்றதில் நூற்றுக்கு 6.3. வயிற்றுப்போக்கு முதலிய குடல் நோய்களும் 13.2-லிருந்து 9.1 ஆகக் குறைந்திருந்தன. இம்முடிவுகள் 2001-ஆம் ஆண்டில் வெளிவந்தன.

இந்த எண்களை இரு பக்கமும் புரட்டிப் பார்க்க வேண்டும். கரப்பான் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இது தாய்ப்பாலுக்குரிய பெருமை. மறுபுறம், வழக்கப்படி நடந்த பிரிவில் மூன்று மாதத்திற்குள்ளேயே நூற்றுக்கு 93 குழந்தைகளுக்கு மேல் தாய்ப்பாலோடு வேறு உணவையும் உண்டன, அல்லது தாய்ப்பாலை விட்டிருந்தன. அப்படியிருந்தும், அவற்றுள் நூற்றுக்கு ஏறத்தாழ 94 குழந்தைகளுக்கு முதலாண்டில் கரப்பான் வரவில்லை. தாய்ப்பால் ஓங்கிய பிரிவிலும் நூற்றுக்கு மூன்று பேருக்கு வந்தது. எனவே, புட்டிப்பால் உண்டால் கரப்பான் வந்தே தீரும் என்பதும், தாய்ப்பால் உண்டால் வரவே வராது என்பதும் இரண்டுமே பிழை.

அக்குழந்தைகளை ஆராய்ச்சியாளர் தொடர்ந்து கவனித்து வந்தனர். ஆறரை வயதில் பார்த்தபோது, ஆஸ்துமா முதலிய ஒவ்வாமை நோய்களில் இரு பிரிவுக்கும் தாய்ப்பாலினால் நன்மையான வேறுபாடு காணப்படவில்லை. பதினாறாம் வயதில் மருத்துவர்கள் தோலை நேரில் பரிசோதித்தபோது, மடிப்புகளில் கரப்பான் உள்ளோர் ஒரு பிரிவில் நூற்றுக்கு 0.3, மற்றதில் 0.7 எனக் கண்டனர். ஆஸ்துமாவில் வேறுபாடில்லை. ஆகவே தாய்ப்பால் தோலுக்குச் சிறிது காப்பளிக்கிறது. ஒவ்வாமை முழுவதையும் ஒழிக்கும் கவசம் அன்று. குடல் நோயினின்று காப்பது, எளிதில் செரிப்பது, செலவின்மை ஆகிய காரணங்களே தாய்ப்பாலைப் போற்றப் போதுமானவை. இல்லாத பெருமையை அதற்கு ஏற்றிக் கூறினால், கரப்பான் வந்த நாளில் தாய் தன்னையே நொந்துகொள்ள நேரிடும்.

"ஒவ்வாமை தராத பால்" என்னும் விற்பனைச் சொல்

பசும்பாலின் புரதத்தை நொதிகளால் சிறு துண்டுகளாக உடைத்துவிட்டால், குழந்தையின் உடல் அதனை அந்நியம் என்று அடையாளம் காணாது என்பது ஒரு கொள்கை. இக்கொள்கைப்படி இரு வகை மாவுகள் செய்யப்படுகின்றன. ஒன்றில் புரதம் ஓரளவே உடைக்கப்படும். மற்றொன்றில் மிக நுண்ணிதாக உடைக்கப்படும். இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிதல் அவசியம்.

பால் ஒவ்வாமை உண்டு என்று மருத்துவர் உறுதிசெய்த குழந்தைக்கு, நுண்ணிதாக உடைத்த மாவு உண்மையான மருந்துணவு. தாய்ப்பால் கிட்டாதவிடத்து அது உயிர் காக்கும். ஓரளவே உடைத்த மாவு அக்குழந்தைக்கு ஏற்றதன்று. அதனைக் கொடுத்தல் ஆபத்தாகவும் முடியலாம்.

ஆனால் நோயே இல்லாத குழந்தைக்கு, நோய் வராமற் காக்கும் என்று சொல்லி இவ்வகை மாவை விற்பது வேறு விஷயம். இக்கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவற்றுள் ஒன்று, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் 1989-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் பத்திரிகையில் வெளியிட்ட கட்டுரை. பின்னர் அவருடைய ஆராய்ச்சி பற்றி ஐயம் எழுந்தது. பல்கலைக்கழகம் அமைத்த விசாரணைக் குழு 1995-ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சி முறைகேடு நிகழ்ந்தது என்று அறிக்கை தந்தது. அவ்வறிக்கை நெடுநாள் பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. ஒரு வழக்கின்போதே அது வெளிப்பட்டது. அதன்பின் 2015-ஆம் ஆண்டில் பத்திரிகை அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட இருபத்தாறு ஆண்டுகளில் அக்கட்டுரையை நம்பியவர் எத்தனையோ பேர்.

ஜெர்மனியில் 1995-98-ஆம் ஆண்டுகளில் பிறந்த, ஒவ்வாமைப் பரம்பரையுள்ள 2,252 குழந்தைகளைக் கொண்டு நேர்மையாக நடந்த ஆராய்ச்சியில், சில வகை மாவுகளால் கரப்பான் ஓரளவு குறைந்தது. வேறு வகையால் குறையவில்லை. இவை போன்ற 37 சோதனைகளை ஒருங்கே தொகுத்து இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் 2016-ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். உடைத்த புரத மாவு ஒவ்வாமையைத் தடுக்கும் என்பதற்கு ஒருசீரான சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும், 2008-ஆம் ஆண்டில் ஓரளவு பயனுண்டு என்று கூறியிருந்ததை மாற்றி, 2019-ஆம் ஆண்டில் சான்று போதாது என்று அறிவித்தது.

நம் சங்கங்களில் நூலின் எண்ணையும், விதையின் முளைப்புத் திறனையும் சோதித்த பின்னரே கொள்முதல் செய்கிறோம். சிட்டத்தின்மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்து மட்டும் நூலை ஏற்பாரில்லை. குழந்தையின் உணவுக்கும் அதே நிதானம் வேண்டும்.

தோலே முதல் வாயில்

அப்படியாயின் கரப்பானுக்கு மூலம் யாது? 2006-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அர்வின் மக்லீன் என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டனர். தோலின் மேலடுக்கை உறுதிப்படுத்தி ஈரத்தைக் காக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதம் ஒன்றுண்டு. அதனை ஆக்கும் மரபணுவில் பழுது உள்ளவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு மிகுதி. பாவும் ஊடையும் நெருங்கி அமையாத துணியில் காற்றும் தூசியும் புகுவதுபோல், இத்தகைய தோலில் உள்ளீரம் வெளியேறுகிறது. வெளிப்பொருள்கள் உள்ளே நுழைகின்றன. கரப்பான் உள்ளோர் எல்லோருக்கும் இப்பழுது இருப்பதில்லை. எனினும், நோயின் முதல் இடம் குடலன்று, தோலே என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் புலனாயிற்று. முன்பு, உணவு ஒவ்வாமை இருப்பதால் கரப்பான் வருகிறது என்றே எண்ணினர். பல குழந்தைகளிடம் நிகழ்வது இதன் மறுதலை என இப்போது அறிகிறோம். பழுதுற்ற தோல்வழியே உணவுத் துகள்கள் புகுவதால் ஒவ்வாமை உண்டாகிறது. உரிய பருவத்தில் வாய்வழியே உண்பதால் உடல் அவ்வுணவுக்குப் பழகுகிறது. லண்டன் மருத்துவர் கிடியன் லாக் என்பார் 2003-ஆம் ஆண்டில், நிலக்கடலை எண்ணெய் கலந்த பூச்சுகளைத் தோலில் பூசியதற்கும் கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பு காட்டினார். 2015-ஆம் ஆண்டில் அவரது குழுவினர், கடுங் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவை வெளியிட்டனர். கடலையை அடியோடு விலக்கி வளர்த்த குழந்தைகளுள் நூற்றுக்கு 17 பேருக்கு ஐந்தாம் வயதில் கடலை ஒவ்வாமை இருந்தது. சிறு வயதிலேயே கடலை உணவு ஊட்டப்பெற்றவர்களுள் நூற்றுக்கு 3 பேருக்கே இருந்தது. விலக்குவதே பாதுகாப்பு என்ற பழைய எண்ணம் இதனால் தளர்ந்தது.

பாலை நிறுத்துமுன்

மேற்கண்டவற்றால் ஒன்று தெளிவாகிறது. கரப்பான் கண்டவுடன் தாமாகவே பாலை நிறுத்துதல் தகாது. குழந்தையின் வளர்ச்சி குன்றும். அதுவன்றி, அதுவரை தீங்கின்றி உண்டுவந்த உணவை நெடுநாள் நிறுத்தி மீண்டும் கொடுக்கும்போது, கடுமையான ஒவ்வாமை திடீரெனத் தோன்றுவதும் உண்டு.

உண்மையான பால் ஒவ்வாமையை ஐயுறுவதற்குச் சில குறிகள் உள்ளன. பால் உண்ட சில நிமிடங்களில், அல்லது இரண்டு மணி நேரத்திற்குள், உடலெங்கும் தடிப்பு எழும்புதல், உதடும் கண்ணிமையும் வீங்குதல், வாந்தி, மூச்சிரைப்பு ஆகியன உடனே தோன்றும் வகை. மலத்தில் இரத்தம் காணல், எடை ஏறாமை, நல்ல மருத்துவத்திற்கும் அடங்காத கடுங் கரப்பான் ஆகியன மெல்லத் தோன்றும் வகை. மூச்சிரைப்போ மயக்கமோ கண்டால் ஒரு கணமும் தாழ்த்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மெல்லத் தோன்றும் வகையில், மருத்துவர் இரண்டு முதல் நான்கு வாரம் பாலை விலக்கச் செய்து, பின் மீண்டும் கொடுத்துப் பார்த்து உறுதிசெய்வார். மீண்டும் கொடுத்துப் பாராமல் முடிவு கட்டுவது சோதனையாகாது. பால் ஒவ்வாமையுள்ள குழந்தைகளுள் பெரும்பாலோர் வளர வளர அதனின்று விடுபடுகின்றனர் என்பது ஆறுதலான செய்தி.

பசும்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பாலோ எருமைப்பாலோ கொடுக்கலாமே என்பர் சிலர். இவற்றின் புரதங்கள் பசும்பாலின் புரதத்தை மிகவும் ஒத்தவை. ஆதலின் பால் ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு இம்மாற்றம் உதவாது. கழுதைப்பாலைக் காய்ச்சாமல் சங்கில் புகட்டும் வழக்கம் நோய்க் கிருமிகளுக்கு வழி திறப்பதாகும். மேலும், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கறவைப் பாலைத் தாய்ப்பாலின் இடத்தில் முக்கிய உணவாகக் கொடுத்தலாகாது. அதில் இரும்புச் சத்துக் குறைவு. இரத்தச் சோகை உண்டாகும்.

இனித் தாயின் பத்தியம் பற்றி ஒரு சொல். கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் தாய் பால், முட்டை முதலியவற்றை விலக்குவதால் குழந்தைக்குக் கரப்பான் வராமல் தடுக்க இயலும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று, ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்து 2012-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற மதிப்பீடு கூறுகிறது. தாயின் உடல் மெலிவதே மிச்சம். குழந்தைக்குப் பால் ஒவ்வாமை உறுதியானால் மட்டும், மருத்துவர் சொற்படி தாய் சில உணவுகளை விலக்க நேரிடலாம்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தல், பின்னர் பிற உணவுகளுடன் இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தொடர்தல் என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் பரிந்துரை. தறியிலும் வயலிலும் உழைக்கும் தாய்க்கு இதற்கு வேண்டிய ஓய்வையும் இடத்தையும் தருவது குடும்பத்தாரின் கடமை. இயலாதபோது பால் மாவு கொடுப்பதில் குற்றமில்லை. ஆனால் டப்பாவில் கண்ட அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மாவை மிச்சப்படுத்த நீரைப் பெருக்குவது குழந்தையைப் பட்டினி போடுவதாகும். காய்ச்சிய நீர் எழுபது டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் மாவைக் கரைத்து, பின்பு ஆற்றிக் கொடுக்க வேண்டும். மாவிலும் கிருமிகள் இருக்கக்கூடும். குழந்தை குடித்து எஞ்சிய பாலை எடுத்து வைத்துக் கொடுத்தலாகாது.

தோலைப் பேணும் முறை வருமாறு:

1. வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடத்திற்குள் நீராட்டுக. காரமான சோப்பும், கரகரப்பான மாவும் இட்டுத் தேய்க்கற்க.

2. துண்டால் ஒற்றி எடுத்தவுடன், ஈரம் காயுமுன்னரே, வாசனை சேராத வெள்ளை வாஸ்லைன் போன்ற களிம்பைத் தாராளமாகப் பூசுக. இதனை நாள்தோறும் பன்முறை செய்க.

3. மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பை அவர் சொன்ன அளவும் நாளும் தவறாமல் இடுக. அச்சத்தால் பாதியில் விடுவதும், கடையில் தாமே வாங்கிப் பூசுவதும் இரண்டும் தவறு.

4. மெல்லிய பருத்தி ஆடையே உடுத்துக. கம்பளியும் முரட்டு நூலும் அரிப்பைக் கிளறும். புதுத் துணியில் கஞ்சியும் சாயக் கழிவும் தங்கியிருக்கும். நன்கு அலசிக் காயவைத்த பின்னரே குழந்தைக்கு உடுத்த வேண்டும். இதனை நெசவாளராகிய நாம் பிறருக்கும் எடுத்துச் சொல்லலாம்.

5. நகங்களைக் குறுக வெட்டுக. மஞ்சட் பொருக்கு, சீழ், காய்ச்சல் கண்டால் கிருமி புகுந்ததென அறிந்து உடனே மருத்துவரிடம் செல்க.

6. ஆறாம் மாதம் முதல் பிற உணவுகளை ஒவ்வொன்றாகப் பழக்குக. கடலையை நன்கு அரைத்தே சேர்க்க வேண்டும். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும். கடுங் கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்ட பின்னரே கடலையும் முட்டையும் தொடங்குக.

களிம்பு பூசுவது வந்த நோயைத் தணிக்கும். நோயற்ற குழந்தைக்குப் பிறந்தது முதல் பூசினால் நோயே வராது என்று எண்ணி, இங்கிலாந்தில் 1,394 குழந்தைகளைக் கொண்டு ஆராய்ந்தனர். 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு, அவ்வாறு தடுக்க இயலவில்லை என்பதே.

சட்டம் தரும் காப்பு

1981-ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதார மகாசபை, தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளை விற்கும் முறை பற்றி ஒரு நெறித் தொகுப்பை, 118 வாக்குகள் ஆதரவும் ஒரு வாக்கு எதிர்ப்புமாக ஏற்றது. இந்திய பார்லிமெண்டு 1992-ஆம் ஆண்டில் இது குறித்துச் சட்டம் இயற்றி, 2003-ஆம் ஆண்டில் அதனைத் திருத்தி வலுப்படுத்தியது. இதன்படி இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பால் மாவு, குழந்தை உணவு, பால் புட்டி ஆகியவற்றை விளம்பரம் செய்தலாகாது. தாய்மாருக்கு இலவச மாதிரி டப்பாக்களும் பரிசுகளும் தருதல் கூடாது. பால் மாவு டப்பாவின்மீது தாயின் படமோ குழந்தையின் படமோ இருத்தலாகாது. தாய்ப்பாலே குழந்தைக்கு மிகச் சிறந்தது என்னும் அறிவிப்பு இருந்தே ஆக வேண்டும். பண்டகசாலை நடத்தும் சங்கங்கள் இச்சட்டத்தைத் தம் அலமாரிகளிலேயே கடைப்பிடிக்க வேண்டியவை.

முடிவுரை

தாய்ப்பாலினால் கரப்பான் ஓரளவு குறைகிறது, ஒழிந்துவிடுவதில்லை. பால் மாவு சிலருக்கு ஒவ்வாது. பெரும்பாலோருக்கு அதுவே கரப்பானுக்குக் காரணமன்று. தடுப்பு மாவு என்று சொல்லி விற்பதற்குச் சான்று போதாது. நோய் வந்தபின் முதலில் கவனிக்கவேண்டியது டப்பாவை அன்று, தோலை. இவற்றை உணர்ந்த குடும்பம், தாயைப் பழிக்காது. குழந்தையைப் பட்டினி போடாது. வீண் செலவு செய்யாது. இம்மூன்றும் கூடினாலே பாதி நோய் தணிந்ததற்கு ஒப்பாகும்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. சிகாகோ கணக்குக்கும் பெலாரஸ் சோதனைக்கும் உள்ள வேற்றுமை யாது? இரண்டாவது எதனால் வலுவுடையது?

2. புட்டிப்பால் தொடங்கிய மாதத்திலேயே கரப்பான் வந்தது என்பது ஏன் போதிய சான்றாகாது?

3. பால் ஒவ்வாமை உறுதியான குழந்தைக்குரிய மாவும், நோயைத் தடுக்கும் என்று விற்கப்படும் மாவும் எவ்வாறு வேறுபடும்?

4. நம் சங்கத்துத் தறிக்கூடத்திலும் களத்திலும் வேலை செய்யும் தாய்மார் குழந்தைக்குப் பால் கொடுக்க இடமும் நேரமும் உள்ளனவா? இல்லையாயின் அடுத்த கூட்டத்தில் என்ன தீர்மானம் கொண்டுவரலாம்?